நத்தம்

நத்தம் என்பது ஊரில் குடியிருப்புக்கென ஒதுக்கிய நிலம். திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் உட்படப் பல ஊர்களுக்கு இதுவே பெயர். முதலாம் இராசராசனின் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள், வரி நீங்கிய நிலங்களைச் சொல்லும்போது குளம், சுடுகாடு ஆகியவற்றோடு ‘ஊர்நத்தம்’ என்பதையும் சேர்க்கின்றன. குடியிருக்கும் மண்ணுக்கு வரியில்லை என்ற அந்த வழக்கம் பிற்கால நில அளவையிலும் தொடர்ந்தது. உழவரிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கான அளவையில் வயல்கள் ஒவ்வொன்றும் உட்பிரிவு வரை அளக்கப்பட, வரி வராத நத்தம் பெரும்பாலும் ஒரே புல எண்ணாக நின்றுவிட்டது. எந்த வீடு எங்கே முடிகிறது என்பதற்குப் பதிவே இருக்கவில்லை. நத்தம் நிலவரித் திட்டம்தான் தமிழ்நாட்டில் மனைகளைத் தனித்தனியே அளந்து, முதலில் தோராயப் பட்டாவும் பின்னர் தூய பட்டாவும் வழங்கியது.

கிராமத்தில் வீடு வாங்குவோருக்கு இந்த அளவை மிக முக்கியம். பழைய பத்திரங்கள் ‘கிழக்கே பொதுச்சுவர், வடக்கே தெரு’ என நான்கெல்லை மட்டுமே சொல்லும். சுவர் இடிந்திருக்கும், தெரு நகர்ந்திருக்கும். ஆகவே கிரயத்துக்கு முன்பே மனுச் செய்து, நில அளவரைக் கொண்டு நத்தம் வரைபடப்படி மனையை அளந்து, மூலைகளில் கல் நட்டுக்கொள்வது அவசியம்.