நின்று வேண்டும் மரபு: பேரா மாநிலத் தமிழ்க் கிறித்தவரும் வேண்டல் நிலைகளும்

வழிபாடு என்றவுடன் கேட்டலும் பாடலும் நம் நினைவுக்கு வருகின்றன. நடத்தலும் நிற்றலும் தொடுதலும் வழிபாட்டின் உறுப்புகளே என்பதை நாம் எளிதில் மறந்து விடுகிறோம். அண்மைக் காலத்தில் கிறித்தவ வழிபாட்டுக் கூட்டங்களில் ஒரு புதிய அமைப்பு பரவி வருகிறது. கூடத்தின் பல இடங்களில் சிறு மேசைகள் இடப்படுகின்றன. ஒன்றில் நீர், ஒன்றில் கற்கள், ஒன்றில் மெழுகுதிரி, மற்றொன்றில் எழுதுதாளும் எழுதுகோலும் வைக்கப்படுகின்றன. வருவோர் ஒவ்வோர் இடமாகச் சென்று நின்று, அங்குள்ள சொற்களைப் படித்து, ஒரு சிறு செயலைச் செய்து, இறைவனை வேண்டி அடுத்த இடத்திற்கு நகர்கின்றனர். இவற்றை இக்கட்டுரையில் ‘வேண்டல் நிலைகள்’ என அழைப்போம்.

இவ்வமைப்பு மேனாட்டிலிருந்து நேற்று வந்த புதுமை எனப் பலர் கருதுகின்றனர். பேரா மாநிலத்து இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்க் கிறித்தவர்க்கு இது புதிதன்று. அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பதினான்கு நிலைகளில் நின்று வேண்டியவர்கள். அந்த வரலாற்றையும், அதனோடு பிணைந்துள்ள மொழிச் சிக்கலையும் இங்கு ஆராய்வோம்.

சொல்லும் பொருளும்

ஆங்கிலத்தில் ‘ஸ்டேஷன்’ எனப்படும் சொல் ‘நிற்றல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் மூலத்திலிருந்து தோன்றியது. தமிழில் ‘நில்’ என்னும் அடியிலிருந்து ‘நிலை’ தோன்றியது. இரு மொழிகளும் தனித்தனியே ஒரே பொருளைப் பற்றி நிற்கின்றன. ஊர்வலம் முடிந்து திருத்தேர் வந்து நிற்கும் இடத்தையும் நம் மக்கள் ‘நிலை’ என்றே சொல்கின்றனர். ‘தேர் நிலைக்கு வந்தது’ என்னும் வழக்கு இதற்குச் சான்று. ஆகவே நகர்ந்து வந்து நின்று வழிபடும் இடத்துக்கு ‘நிலை’ என்னும் சொல் வலிந்து புனைந்த மொழிபெயர்ப்பு ஆகாது. மக்கள் வழக்கிலேயே வேரூன்றிய சொல் அது.

பழைய கத்தோலிக்கச் செப நூல்கள் சிலுவைப் பாதையின் ஒவ்வோர் இடத்தையும் ‘ஸ்தலம்’ எனக் குறித்தன. பின்னர் அது ‘தலம்’ என்றும் ‘நிலை’ என்றும் மாறியது. ‘சர்வேசுரன்’ ‘இறைவன்’ ஆனதும், ‘அர்ச்சியசிஷ்டர்’ ‘புனிதர்’ ஆனதும், ‘பூசை’ ‘திருப்பலி’ ஆனதும் இதே மாற்றத்தின் கூறுகளே. ஒரு சமயத்தாரின் செப நூல்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் தமிழ் உரைநடையின் ஒரு நூற்றாண்டுப் போக்கையே காணலாம்.

எருசலேம் முதல் தோட்டக் கோயில் வரை

இயேசு சிலுவை சுமந்து சென்ற வழியை அடியொற்றி நடப்பது எருசலேம் திருப்பயணிகளின் பழைய வழக்கம். அங்குள்ள புனித இடங்களைக் காக்கும் பொறுப்பைப் பிரான்சிஸ்கன் சபையாரிடம் திருத்தந்தை ஆறாம் கிளமென்ட் 1342-இல் உறுதி செய்தார். 15-ஆம் நூற்றாண்டில் இருமுறை அங்குச் சென்று வந்த ஆங்கிலேயப் பயணி வில்லியம் வே, தம் குறிப்புகளில் இவ்விடங்களை ‘நிலைகள்’ என்னும் பொருள்படக் குறித்தார். எருசலேம் செல்ல இயலாத எளியோர்க்காக ஐரோப்பிய ஊர்களில் அவ்வழியின் படிவங்கள் எழுந்தன. நிலைகளின் எண்ணிக்கை ஊருக்கு ஊர் வேறுபட்டது. 1731-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமென்ட் அதனைப் பதினான்கு என வரையறுத்து, எல்லாக் கோயில்களிலும் அமைக்க வழி செய்தார். போர்ட் மாரிசின் புனித லியோனார்டு இத்தாலியில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இவற்றை நிறுவினார். உரோமைக் கொலோசியத்தில் அவர் நிறுவியது 1750-இல்.

இம்மரபின் இரண்டு விதிகள் நம் கருத்துக்கு இன்றியமையாதவை. முதலாவது, நிலைக்கு வேண்டியவை பதினான்கு மரச் சிலுவைகளே. ஓவியமும் சிற்பமும் இருந்தால் நன்று, இல்லாவிடினும் குறையில்லை. இரண்டாவது, வேண்டுவோர் நிலைக்கு நிலை நகர வேண்டும். கூட்டம் மிகுந்து நகர இடமில்லாதபோது முன்னின்று நடத்துவோராவது நகர வேண்டும். பொருட்செலவு குறைவு, உடலின் பங்கு மிகுதி. வறிய தோட்டத்துக் கோயில் ஒன்றுக்கு இதனினும் பொருந்திய வழிபாட்டு முறையைக் காண்டல் அரிது.

பேரா மண்ணில் தமிழ்க் கிறித்தவர்

பேரா மாநிலத்திற்கும் இரப்பருக்கும் உள்ள உறவு 1877-இல் தொடங்கியது. அவ்வாண்டில் கோலகங்சாரில் ஹியூ லோவின் மாளிகை வளாகத்தில் 9 இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. அதற்கு முன்னரே கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் தமிழர் உழைத்தனர். 1910-இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. கங்காணி முறையில் வந்தோர் பெருகினர். 1938-இல் இந்திய அரசு உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. இவ்வாறு வந்தோருள் பெரும்பாலோர் மாரியம்மனையும் முனீசுவரனையும் வழிபட்டனர், கிறித்தவர் சிறுபான்மையினர்.

அச்சிறுபான்மையினர்க்கு அருட்பணி புரிந்தோருள் பாரிசு அயல்மறைப் பணிச் சபையினர் முதன்மையானோர். அச்சபை 18-ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் புதுச்சேரியிலும் பணியாற்றியது. ஒரே சபை இரு கரைகளிலும் இருந்தமையால் தமிழறிந்த குருக்களும் தமிழ்ச் செப நூல்களும் கடல் கடந்து வருதல் எளிதாயிற்று. அச்சபையைச் சேர்ந்த ரெனே பே அடிகளார் 1880-களில் வட பேராவின் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென ஒரு குடியிருப்பை அமைத்தார். புனித சூசையப்பரின் பெயரால் அது சூசைப்பாளையம் எனப்பட்டது. அவரே பின்னர் 1896 முதல் 1904 வரை மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயராக விளங்கினார். ஈப்போவில் சிலிபின் பகுதியிலுள்ள லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கரின் இல்லமாக வளர்ந்தது. அண்டை மாநிலத்துப் புக்கிட் மெர்தாஜத்தின் புனித அன்னாள் திருத்தலத்திற்கு ஒவ்வோர் ஆண்டும் சூலைத் திங்களில் பேராத் தமிழர் செல்வதும் வழக்கமாயிற்று.

இலத்தீன் காலத்தில் தமிழின் இடம்

இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1962 முதல் 1965 வரை நடைபெற்றது. அதற்கு முன்னர்த் திருப்பலியின் மொழி இலத்தீன். மறையுரையும் சில பாடல்களும் தமிழில் இருந்தன. பீடத்தில் குரு ஓதிய மன்றாட்டோ மக்களின் மொழியில் இல்லை. ஆனால் செபமாலையும் சிலுவைப் பாதையும் முழுமையாகத் தமிழிலேயே நடந்தன. இவற்றை நடத்தக் குரு இருந்தே தீரவேண்டும் என்பதுமில்லை. உபதேசியார் ஒருவர் போதும். குரு எப்போதாவது வந்து செல்லும் தோட்டங்களில் இது சிறு செய்தியன்று. எழுத்தறியாதவரும் ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டுப் பதினான்கு நிலைகளின் வாசகங்களை மனப்பாடமாக வைத்திருக்க முடிந்தது. பீடம் இலத்தீனுக்கு உரியதாக இருந்த நாளில் நிலைகள் தமிழுக்கு உரியவையாக இருந்தன என்று நாம் துணிந்து கூறலாம்.

அந்நிலைகளின் பொருளும் தோட்ட வாழ்வுக்கு அயலானதன்று. வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த சீரேனே ஊர்ச் சீமோனை வீரர் பிடித்துப் பிறருடைய சுமையை அவன் தோளில் ஏற்றுகின்றனர். சுமப்பவர் மும்முறை விழுந்து மும்முறை எழுகிறார். தாய் வழியில் நின்று மகனைக் காண்கிறாள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நிரை நிரையாக மரத்துக்கு மரம் நின்று பால் வெட்டி, வாளி சுமந்து மீண்டவர்க்கு இவற்றை விளக்கிச் சொல்ல உரையாசிரியர் வேண்டியதில்லை.

தோட்டம் கலைந்த பின்

1950-களிலும் 1960-களிலும் தோட்டத் துண்டாடல் பல்லாயிரம் குடும்பங்களை நிலைகுலையச் செய்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது இதனை எதிர்கொள்ளவே. பின்னர் இரப்பர் இருந்த இடத்தைச் செம்பனை பிடித்தது. லயங்கள் வெறுமையாயின, மக்கள் ஈப்போ போன்ற நகரங்களின் ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். தோட்டம் மறைந்த பின்னும் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகளை நாம் இன்றும் காண்கிறோம்.

இடம் மாறியபோது வழிபாட்டு மொழியும் மாற்றத்துக்கு உள்ளாயிற்று. இன்று ஒரே குடும்பத்தில் தமிழ் படிக்கும் பாட்டி, தமிழ் பேசியும் படிக்க இயலாத பேரன், ஆங்கிலத்தில் வேண்டும் பேத்தி ஆகிய மூவர் இருக்கக்கூடும். தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளி பொது விடுமுறையும் அன்று. வேலை முடித்துப் பலரும் பல நேரத்தில் வந்து சேரும் கூட்டத்தில் அனைவரும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடிப்பது கடினம். அவரவர் நேரத்திற்கு ஏற்ப நின்று வேண்டத்தக்க நிலைகள் இங்குப் பெரிதும் பயன்படும்.

இதே காலத்தில் மேனாட்டு இளைஞரும் இவ்வழியை வேறு திசையிலிருந்து அடைந்தனர். 1999-இல் இங்கிலாந்தின் சிசெஸ்டரில் இடைவிடாது வேண்டும் அறை ஒன்றை இளைஞர் தொடங்கினர். அவ்வியக்கம் பல நாடுகளில் பரவியது. 2000-இல் இலண்டன் தூய பவுல் பேராலயத்தில் தரையில் விரித்த சுற்றுப் பாதையில் நின்று நின்று வேண்டும் அமைப்பு இடம்பெற்றது. நம் இளையோர் இவற்றைக் கற்பதில் தவறில்லை. ஆங்கில அட்டைகளை அப்படியே கொண்டுவந்து வைக்கும்போதுதான் இழப்பு நேர்கிறது. முன்பு தமிழ் வாழ்ந்த அதே இடத்திலிருந்து தமிழ் வெளியேறி விடுகிறது.

நிலைகளை ஆக்கும் முறை

நிலைகளை அமைப்போர் கருத்திற் கொள்ளத்தக்க நான்கு நெறிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, செயலும் சொல்லும் ஒன்றையே சொல்ல வேண்டும். முதல் நிலையில் நீரை வைத்துக் கைகழுவச் செய்வதாகக் கொள்வோம். தூய்மை பெறுதல் என்று விளக்கினால் கதை பிழைபடும். பிலாத்து கைகழுவியது பொறுப்பைத் தட்டிக் கழிக்க. ஆகவே ‘நாம் கைகழுவி விட்ட மனிதர் யார்?’ என்பதே அங்கு எழுப்பத்தக்க வினா. தமிழில் ‘கைகழுவுதல்’ என்னும் சொல்லே அப்பொருளைத் தாங்கி நிற்பது நமக்குக் கிடைத்த பேறு.

இரண்டாவது, பொருள்கள் நம் வாழ்விலிருந்து வரட்டும். சீமோனின் நிலையில் நீர் நிரப்பிய பால் வாளியைச் சிறிது தொலைவு சுமக்கச் செய்யலாம். ஆடை களையப்படும் நிலையில் பால் ஒழுகும் மங்கு ஒன்றை வெறுமையாக வைக்கலாம். அடக்கத்தின் நிலையில், விட்டு வந்த தோட்டத்தின் பெயரைத் தாளில் எழுதி வைக்கச் சொல்லலாம். பேரன் அப்பெயரைப் பாட்டியிடம் கேட்டே எழுத வேண்டியிருக்கும். அக்கேள்வியும் வழிபாட்டின் பகுதியாகும்.

மூன்றாவது, சொற்கள் குறுகியவையாகவும் உரக்கப் படிக்கத் தக்கவையாகவும் அமைதல் வேண்டும். படிக்க இயலாதவர்க்காகத் தமிழை உரோமன் எழுத்தில் பெயர்த்து எழுதுவது எளிய வழி; ஆயினும் அது எழுத்தை இழக்கும் வழி. ஒவ்வொரு நிலையிலும் தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவர் நின்று வாசகத்தைப் படித்துக் காட்டினால் கேட்போர் பயன்பெறுவர்; படிப்பவர் தம் கல்வி பிறர்க்கு வேண்டப்படுவதை உணர்வர்.

நான்காவது, சபைகளின் சொல் வேறுபாட்டை மதித்தல் வேண்டும். கத்தோலிக்கர் ‘செபம்’ என்பர். சீர்திருத்தச் சபையினர் ‘ஜெபம்’ என்பர். முன்னவர்க்குத் ‘திருவிவிலியம்’, பின்னவர்க்கு ‘வேதாகமம்’. இரு சாராரும் கூடும் இடத்தில் ‘வேண்டல்’, ‘மன்றாட்டு’ போன்ற சொற்கள் பாலமாக அமையும்.

இத்தகைய செயல்கள் வழிபாட்டை விளையாட்டாக்கி விடும் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் புறக்கணிக்கத் தக்கதன்று. பொருள் பெருகிச் சொல் குறைந்தால் அது நேரக்கூடியதே. அதனால்தான் பதினான்கு மரச் சிலுவைகள் போதும் என்ற பழைய விதியை நாம் நினைவூட்டினோம். மரபும் உறைந்து கிடப்பதன்று. 1991-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், நற்செய்தி நூல்களில் உள்ள நிகழ்ச்சிகளை மட்டும் கொண்ட புதிய வரிசையில் சிலுவைப் பாதையை நடத்திக் காட்டினார். மாற்ற இடமுண்டு, எதை மாற்றுகிறோம் என்னும் அறிவே வேண்டும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் நம் வேண்டுகோள் ஒன்றுண்டு. தோட்டக் கோயில்களில் ஓதப்பட்ட செப வாசகங்களை மனத்தில் தாங்கிய முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். பழைய செப நூல்கள் சில வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. சமயம் எதுவாயினும் அவை தமிழ் உரைநடையின் ஆவணங்கள். முதியோரின் குரலைப் பதிவு செய்தலும், நூல்களின் சொற்களைத் தொகுத்தலும் பள்ளியளவிலேயே இயலும் பணிகள். அத்தொகுப்பு கையில் இருந்தால், நாளை ஈப்போவில் ஓர் இளைஞர் குழு வேண்டல் நிலை ஒன்றை அமைக்க முற்படும்போது, அதற்குரிய தமிழ்ச் சொற்களைத் தேடி வேறெங்கும் அலைய நேராது.