தட்டுச் சுழற்றியவர்கள் கேள்வி கேட்க வந்த கதை

இசைத்தட்டைச் சுழற்றுபவரை நாம் ‘அறிவிப்பாளர்’ என்ற பெயரிலேயே அறிந்து வந்திருக்கிறோம். மேலைத்தேயத்தார் ‘டிஸ்க் ஜொக்கி’ என்றும் சுருக்கமாக ‘டீஜே’ என்றும் அழைக்கும் அத்தொழில், 1950இல் ஆரம்பமான ரேடியோ சிலோன் வர்த்தக ஒலிபரப்போடு இலங்கையில் தழைத்தது. 1952 முதல், பம்பாயில் பதிவாகிக் கொழும்பிலிருந்து ஒலித்த ‘பினாக்கா கீத்மாலா’ நிகழ்ச்சியால் அமீன் சயானியின் குரல் இந்தியத் துணைக்கண்டம் முழுவதற்கும் உரியதாயிற்று. தமிழில் பி.எச். அப்துல் ஹமீத் வானொலியில் வளர்த்தெடுத்த ‘பாட்டுக்குப் பாட்டு’ பின்னர் தமிழகத் தொலைக்காட்சிக்கும் சென்றது. பாட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கியிருக்க வேண்டியவர், பாடியவரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பவராக மாறும் வழி அக்காலத்திலேயே திறந்துவிட்டது எனலாம்.

முள்ளியவளை, தண்ணீரூற்றுப் பகுதிகளும் அந்த ஒலிபரப்பின் எல்லைக்குள் இருந்தவைதான். 1990இல் போர் மீண்டும் மூண்ட பின்னர் வன்னிக்கு மின்சாரமும் இல்லை, பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. மக்கள் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்னில் வானொலி கேட்டார்கள். செய்தி வேண்டுமென்றால் ஒருவர் சில்லைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வாண்டு ஒக்டோபரிலேயே வெளியேற்றப்பட்டுவிட்ட நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் முஸ்லிம்களுக்கு அந்தச் சில்லின் ஒலி செவிவழிச் செய்தி மட்டுமே. ஒரே ஊரின் ஒலி வரலாறு இரண்டாகப் பிளந்த இடம் அது. இக்கட்டுரை அந்த இடத்துக்கு மீண்டும் வரவேண்டியிருக்கிறது. அதற்கு முன்னர், சுழலும் தட்டிலிருந்து கேள்விக்கு வந்த இன்னொரு மக்கள் கூட்டத்தின் கதையைப் பார்ப்போம்.

1973 ஓகஸ்ட் 11ஆம் திகதி, நியூயோர்க் நகரின் புரோங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கத் தொடர்மாடிக் கட்டடத்தில் ஓர் ஆட்ட நிகழ்ச்சி நடந்தது. பள்ளிக்கூடம் தொடங்குமுன் புத்தாடை வாங்கப் பணம் சேர்க்கவென்று அதை ஏற்பாடு செய்தவர் சின்டி என்ற பெண்பிள்ளை. தட்டுச் சுழற்றியவர் அவருடைய தமையன், ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த கிளைவ் கம்பல். ‘கூல் ஹேர்க்’ என்று உலகம் அறிந்தது அவரையே. ஒரே பாட்டின் இரு தட்டுகளை இரு சுழலிகளில் வைத்து, மேளம் மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை மாறிமாறி ஓடவிட்டு நீட்டுவது அவரது நுட்பம். ஹிப் ஹொப் என்னும் கலை அந்த நீட்சியில் பிறந்ததாகவே வரலாறு எழுதுவோர் கொள்கின்றனர்.

ஆரம்பத்தில் அக்கலையின் தலைமகன் பாடகனல்லன், டீஜேதான் என்பது இங்கு கவனிக்கத்தக்கது. மைக்கில் பேசியவர் அவருக்கு உதவியாளரே. 1979இல் ‘ரப்பர்ஸ் டிலைட்’ தட்டு வெளிவந்து விற்பனையில் வென்றதும் பேசியவர் முன்னுக்கு வந்தார், சுழற்றியவர் பின்னுக்குப் போனார். ஆயினும் தெருவின் செய்தி டீஜேயின் கையிலேயே இருந்தது. புதிய பாட்டுகளையும் வெளிவராத வரிகளையும் கோத்து அவர் தயாரித்த ‘மிக்ஸ்டேப்’ என்னும் கலவை நாடா, பெரிய பத்திரிகைகள் திரும்பியும் பாராத சுற்றாடலுக்குப் பத்திரிகையாக விளங்கியது.

கமெராவைத் தூக்கிய முன்னோடியாக ரால்ப் மெக்டானியல்ஸைச் சொல்ல வேண்டும். அவரும் தட்டுச் சுழற்றியவரே. 1983இல் நியூயோர்க்கின் பொதுத் தொலைக்காட்சியில் அவர் தொடங்கிய ‘வீடியோ மியூசிக் பொக்ஸ்’, கலைஞர்களை அவர்களுடைய தெருவிலேயே நிறுத்திப் பேசவைத்தது. வந்து நின்ற இளைஞர்கள் தம் நண்பர்களுக்கும் குடும்பத்தாருக்கும் வாழ்த்துச் சொன்னார்கள். அன்று அற்பமாகத் தோன்றிய அக்காட்சிகள் இன்று ஒரு தலைமுறையின் முகங்களைக் காத்து வைத்திருக்கின்றன. பின்னாளில் குவீன்ஸ் பொது நூலகம் ஹிப் ஹொப் நிகழ்ச்சிகளுக்கான பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. ஒரு டீஜே நூலகத்துக்குள் நுழைந்த இச்செய்தி நம் இலக்கியவாதிகள் யோசிக்க வேண்டியது.

2007 ஜனவரியில் இந்த உலகம் ஆட்டங் கண்டது. அட்லாண்டாவில் டீஜே டிராமாவின் பணியிடத்தைப் பொலிஸார் சோதனையிட்டு, 81,000க்கும் அதிகமான இறுவட்டுகளைக் கைப்பற்றினர். பதிப்புரிமையின் பேரில், இசைத்தட்டுக் கம்பனிகளின் சங்கம் துணைநிற்க நடந்த சோதனை அது. அதே கம்பனிகள்தாம் தம் பாடகருக்கு விளம்பரம் தேடி மிக்ஸ்டேப்காரர்களிடம் பாட்டுகளைக் கொடுத்தும் வந்தன என்பது இதிலுள்ள முரண். மறுபுறம் பாடகர்கள் இணையத்தில் தாமே பாட்டை வெளியிடத் தொடங்கியதால், இடைநின்ற டீஜேயின் தேவை குறைந்துகொண்டு போனது. அவரிடம் மிஞ்சியிருந்தவை மூன்று: பாடகர்களின் பழக்கம், இசையின் வம்சாவளி பற்றிய அறிவு, கேட்கப் பழகிய காது.

டீஜே விளாட் 2008இல் தொடங்கிய ‘விளாட் ரீவி’யை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். உக்ரேனின் கீவ் நகரில் பிறந்து சிறு வயதில் அமெரிக்கா வந்தவர் அவர். மறைந்த பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யின் குரலை மையமாக வைத்து, டேர்ட்டி ஹரி என்ற டீஜேயுடன் சேர்ந்து தயாரித்த ‘ரப் பினொமினன்’ மிக்ஸ்டேப் மூலம் பெயர் பெற்றவர். தட்டை விட்டுக் கமெராவின் பின்னால் அமர்ந்தபோதும் மிக்ஸ்டேப்காரனின் கைப்பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. நீண்ட செவ்வியொன்றைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் கண்ணை இழுக்கும் தலைப்பிட்டு நாளுக்கொன்றாக வெளியிட்டார். பாட்டின் உச்சப் பகுதியை மட்டும் வெட்டி ஒட்டிய அதே கை, இப்போது பேச்சின் உச்சத்தை வெட்டியது.

கலவை நாடாவிலிருந்து வந்த இன்னொருவர் மயாமியின் டீஜே ஈ.எப்.என். 2016இல் நோரி என்ற பாடகருடன் சேர்ந்து ‘டிரிங்க் சாம்ப்ஸ்’ என்ற உரையாடலைத் தொடங்கினார். மூத்த கலைஞர்களுக்கு உயிரோடிருக்கும்போதே மரியாதை செய்வது அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டது. மணிக்கணக்கில் நீளும் அப்பேச்சுகளில், எந்த நூலிலும் பதியப்படாத தகவல்கள் பல வெளிவந்தன. ஆனால் 2022 ஒக்டோபரில் கன்யே வெஸ்ட் அங்கு வந்து யூதருக்கு எதிராகவும், 2020இல் பொலிஸாரின் பிடியில் இறந்த ஜோர்ஜ் புளொய்டின் மரணம் குறித்துப் பொய்யாகவும் பேசினார். அப்பதிவு நீக்கப்பட்டது. நோரி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பேசவிடுவதும் ஒரு செயல்தான் என்பதையும், அச்செயலுக்குப் பொறுப்பு உண்டு என்பதையும் அந்நிகழ்வு உணர்த்தியது.

இதைவிடக் கடுமையான பாடம் லாஸ் வேகஸிலிருந்து வந்தது. 1996 செப்டெம்பரில் அந்நகரில் சுடப்பட்டு இறந்த பாடகர் ரூபாக் ஷகூரின் கொலை, ஏறத்தாழ 27 ஆண்டுகள் வழக்கின்றிக் கிடந்தது. 2023 செப்டெம்பர் 29ஆம் திகதி டுவேன் டேவிஸ் என்பவர் கைதானார். குற்றத்தை அவர் மறுத்தார். அவருக்கெதிராக அரச தரப்பு பெரிதும் நம்பியது அவரது வாய்மொழியையே: 2019இல் வெளிவந்த அவரது நூலும், கமெராவுக்கு முன்னால் அவர் கொடுத்த செவ்விகளும். ஹிப் ஹொப் செவ்விகள் பொலிஸாருக்கு வேலை செய்து கொடுக்கின்றன என்ற குறை அதற்கு முன்பிருந்தே பேசப்பட்டு வந்தது. தாமாக வந்து பேசியவருக்குக் கேட்டவர் எப்படிப் பொறுப்பாவார் என்று வாதிடுவோரும் உண்டு. பாட்டு வரிகளைக் குற்ற வழக்குகளில் சான்றாகப் பயன்படுத்துவதற்கு 2022இல் கலிபோர்னியா மாநிலம் சட்டத்தால் கட்டுப்பாடு விதித்தது. பாட்டுக்குக் கிடைத்த அந்தக் காப்பு செவ்விக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் சொன்னதைக் கற்பனை எனலாம். செவ்வியில் சொன்னது சாட்சியாகிவிடுகிறது.

தமிழிலும் இந்த வழி நடந்து பார்க்கப்பட்டிருக்கிறது. 2011இல் யூரியூப் வழியாகப் பரவிய ‘கிளப்புல மப்புல’ பாட்டினால் அறியப்பட்ட ஹிப் ஹொப் தமிழா ஆதி, 2019இல் ‘தமிழி’ என்ற இணையத் தொடரில் தொல்லியலாளர்களிடமும் கல்வெட்டறிஞர்களிடமும் சென்று தமிழ் எழுத்தின் தோற்றம் பற்றிக் கேட்டார். அவர் டீஜே அல்லர், பாடகர். எனினும் பாட்டால் சேர்ந்த இளைஞர் கூட்டத்தைப் பாறைக் கல்வெட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது சிறிய காரியமன்று. ஈழத்து வேர்கொண்ட மாயா அருள்பிரகாசம் எதிர்த்திசையில் வந்தவர். லண்டனில் திரைப்படக் கலை பயின்று, உறவினரைக் கமெராவில் பதிந்துகொண்டிருந்தவர், பின்பே ‘எம்.ஐ.ஏ.’ என்ற பாடகியானார். அவர் பதிந்த நாடாக்கள் 2018இல் வெளிவந்த ஆவணப்படத்துக்கு அடித்தளமாயின.

இனி முள்ளியவளைக்கு வருவோம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளம் முகாம்களில் தம் வாழ்வின் பாதியைக் கழித்தனர். அவர்களுடைய கதையைப் பொறுமையாகக் கேட்டவர்கள் சிலரே. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியலாளர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் 2018இல் மறையும்வரை அவ்வேலையைச் செய்தார். சட்ட மற்றும் சமூக நம்பிக்கை நிதியம் முன்னெடுத்த மக்கள் ஆணைக்குழு, பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலங்களைத் திரட்டி 2011இல் அறிக்கை வெளியிட்டது. ஆயினும் நீராவிப்பிட்டியின் மூதாட்டி ஒருவர் தன் கிணற்றைப் பற்றியும் தான் விட்டுவந்த மாட்டைப் பற்றியும் சொல்லும் குரல் அறிக்கையில் ஒலிப்பதில்லை. அந்தக் குரலோடு இருந்தவர்கள் ஆண்டுக்காண்டு குறைந்து வருகிறார்கள்.

அயலவரான தமிழருக்கும் சொல்வதற்குக் கதை உண்டு. முஸ்லிம்கள் போன நாளில் அவர்கள் என்ன கண்டார்கள், எதைத் தடுக்க முடியாமல் நின்றார்கள், 2009இல் தாமே எல்லாவற்றையும் இழந்து எவ்வாறு திரும்பினார்கள் என்பதெல்லாம் அதே செவ்வியின் மறுபாதி. போருக்குப் பின் திரும்பிவந்த முஸ்லிம்களுக்குக் காட்டுக் காணி வழங்குவது தொடர்பில் எழுந்த சர்ச்சை இரு சமூகங்களிடையேயும் இன்னும் ஆறாத புண்ணாக இருக்கிறது. இந்நிலையில் கைபேசியோடு வரும் ஓர் இளைஞன், ஒரு முதியவரின் இரண்டு மணிநேரப் பேச்சிலிருந்து அரை நிமிடக் கோபத்தை வெட்டியெடுத்துத் தலைப்பிட்டால் போதும், எரிவதற்கு ஊர் தயாராக இருக்கிறது.

டீஜேக்களின் வரலாற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கருவியன்று. கைபேசி எல்லோரிடமும் இருக்கிறது. அவர்களுக்குக் கேட்கும் உரிமையைக் கொடுத்தது, வாயைத் திறக்குமுன் ஆண்டுக்கணக்காகக் கேட்டிருந்த காதுதான். எந்தப் பாட்டு எந்தப் பழைய தட்டிலிருந்து பிறந்தது என்று அறிந்திருந்ததால் அவர்களின் கேள்வி ஆழம் போயிற்று. அவ்வாறே, எந்த ஒழுங்கை எந்தக் குளத்துக்குப் போகும், எந்த வளவில் யார் இருந்தார்கள் என்று அறிந்தவரே முள்ளியவளையில் கேள்வி கேட்கத் தகுந்தவர். துண்டு வெளியானாலும் முழுப் பதிவும் எங்கேனும் காக்கப்பட வேண்டும். பேசியவரின் வீட்டாரிடமும் ஒரு பிரதி இருக்க வேண்டும். எதை வெளியிடலாகாது என்று சொல்லும் உரிமை அவருக்கே உரியது. ஏனெனில் பிறர் வாய்ச்சொல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். மெக்டானியல்ஸ் தன் நாடாக்களை எறிந்துவிடாமல் பல்லாண்டு பாதுகாத்தார். நமது நூலகங்களும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் அந்த நாடா அலுமாரியை எப்போது திறக்கப்போகின்றன?