முன்சீப் வேதநாயகம் பிள்ளையும் என் மேஜையும்

“மலருக்கு ஏதாவது எழுதுங்க சார்” என்று நம் சங்கச் செயலர் கேட்டதும் விடுதி நாட்கள்தான் ஞாபகம் வந்தன. “வேலைக்குப் போனா நாம கிறிஸ்தவங்கன்னு வெளியில எப்படிடா தெரியணும்?” என்று ராத்திரி முழுக்க வாதாடுவோம். கழுத்தில் சிலுவை போட்டால் போதும் என்பான் ஒருவன். வெளியே காட்டிக்கவே கூடாது என்பான் இன்னொருவன். பின்னாளில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் வரலாற்றைப் படித்தபோதுதான் எனக்கு விடை கிடைத்தது.

1826-ல் திருச்சிப் பக்கம் குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தரங்கம்பாடி, சீர்காழி, இன்றைய மயிலாடுதுறையான மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக இருந்தார். தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்தால் பாமரனுக்கு என்ன புரியும்? 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட் தீர்ப்புகளைத் தமிழாக்கி ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். லஞ்சத்தைக் கண்டித்துப் பாட்டும் எழுதினார். 1879-ல் அச்சான பிரதாப முதலியார் சரித்திரம் பற்றி நாம் எல்லோரும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம்.

சரி, தம் மதத்தை மறைத்தாரா? இல்லை. ‘தேவமாதா அந்தாதி’ பாடியவர் அவர். அதே கைதான் எந்த மதத்தாரும் பாடும்படி ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’களையும் எழுதியது. சைவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு உயிர் நண்பர்; அவர்மீது ‘குளத்துக் கோவை’ பாடினார். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் வேதநாயகம் பிள்ளை சொந்தப் பணத்தில் கஞ்சி ஊற்றினார். அதைப் பார்த்து நெகிழ்ந்து அவரைப் பாடியவர், நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதியார்!

நானும் முப்பது வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இயேசு படம் எப்போதும் இருக்கும். பென்ஷன் விஷயமாக வந்த ஒரு பாட்டியை “நாளைக்கு வாங்கம்மா” என்று மூன்று தடவை அலையவிட்டேன். நாலாவது தடவை வந்தவர் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு, “சாமி கும்பிடுற புள்ளதானேப்பா நீ?” என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. அன்று சாயங்காலமே அவர் காகிதத்தை முடித்துக் கொடுத்தேன். ஆனால் மூன்று நாள் நடந்த அந்தக் கால்வலியை யார் எடுப்பது?

இன்று படிக்கும் தம்பி, தங்கைகளே! நாளை உங்களுக்கும் ஒரு மேஜை கிடைக்கும். முன்னால் வந்து நிற்பவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள். வேதநாயகம் பிள்ளையை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.