வாசலில் நிற்கும் ரசிகர்: வாஷிங்டனும் சியாட்டிலும்

உள்ளூர் ராக் குழுவின் ரசிகரை எடைபோட, அவர் வீட்டில் எத்தனை இசைத்தட்டு இருக்கிறது என்று எண்ணுவது வீண் வேலை. எந்த வாசல் வழியாக உள்ளே போனார், அங்கே எவ்வளவு கொடுத்தார், உள்ளே போனபின் கைதட்டுவதைத் தவிர அவருக்கு என்ன வேலை இருந்தது என்று கேட்டால் போதும். இந்தக் கேள்விகளோடு அமெரிக்காவின் இரண்டு ஊர்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று தலைநகர் வாஷிங்டன். மற்றொன்று நாட்டின் எதிர்க்கோடியில், வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் சியாட்டில். 1980களின் தொடக்கத்தில் இரண்டையுமே இசைக் கம்பெனிகள் பொருட்படுத்தவில்லை. அவர்களுடைய கண் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் இருந்தது.

தலைநகரின் கதை பள்ளிப் பையன்களிடம் தொடங்குகிறது. இயன் மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் நண்பர்களோடு டீன் ஐடில்ஸ் என்ற பங்க் குழுவை நடத்தினார்கள். 1980இல் மேற்குக் கரைக்குப் போய், சான் பிரான்சிஸ்கோவின் மபுஹே கார்டன்ஸ் அரங்கில் வாசித்தார்கள். வாசிக்க வந்தவர்களுக்கே மது அருந்தும் வயது வரவில்லை. அரங்குக்காரர்கள் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை; கையில் மையால் பெரிய எக்ஸ் குறி போட்டு, இந்தக் கைக்கு மது கிடையாது என்று உள்ளே விட்டார்கள். பையன்கள் இந்த யோசனையை ஊருக்குக் கொண்டுவந்து 9:30 என்ற கிளப்பில் சொன்னார்கள். நகரச் சட்டமும் கைகொடுத்தது. அங்கே மது விற்பவர் உணவும் விற்க வேண்டும். உணவகம் என்று ஆனபின் சிறுவர்களை வயதைக் காட்டி வெளியே நிறுத்த முடியாது. பதினைந்து வயதுப் பிள்ளையும் தனக்குப் பிடித்த குழுவை மேடைக்கு ஓரடி தள்ளி நின்று கேட்க வழி பிறந்தது. அந்த ஊரின் இசையை வளர்த்ததில் கிட்டாருக்கு உள்ள பங்கு இந்த மைக்குறிக்கும் உண்டு என்பேன்.

அதே ஆண்டு டீன் ஐடில்ஸ் கலைந்தது. கச்சேரிகளில் சேர்ந்த சொற்பப் பணத்தைப் பங்கு பிரிக்காமல், தங்கள் பாட்டை இசைத்தட்டாக அச்சிட்டார்கள். டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ் இப்படித்தான் பிறந்தது. உறைகளை நண்பர்களே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். உள்ளூர்க் குழுக்களின் இசையை மட்டும் வெளியிடுவது என்பது அந்த நிறுவனத்தின் வழக்கம். குழுக்களோடு எழுத்துபூர்வமான ஒப்பந்தம் போடுவதும் இல்லை. ரசிகர் இங்கே வாங்குகிறவர் மட்டுமல்ல. பசை தடவுகிறவர், துண்டறிக்கை ஒட்டுகிறவர், அடுத்த மாதம் தானே ஒரு குழு தொடங்கப் போகிறவர்.

மெக்கே 1987இல் ஃபுகாசி குழுவோடு மேடையேறியபோது, எல்லாரையும் உள்ளே விடும் பழக்கம் விதியாகவே ஆகிவிட்டது. எல்லா வயதினருக்கும் அனுமதி. டிக்கெட் பெரும்பாலும் ஐந்து டாலர். சொந்த ஊரில் அவர்கள் வாசித்தவை ஏறத்தாழ எல்லாமே ஏதாவதொரு நல்ல காரியத்துக்கு நிதி திரட்டிய கச்சேரிகள், இல்லையென்றால் இலவசக் கச்சேரிகள். 1991 ஜனவரியில் வளைகுடாப் போர் தொடங்கும் தறுவாயில், வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள லாஃபயெட் பூங்காவில் குளிரில் நின்று வாசித்தார்கள். கூட்டத்தில் யாராவது அடுத்தவரை இடித்துத் தள்ளினால் பாட்டு நிற்கும். அடங்காதவர் கையில் ஐந்து டாலரைத் திருப்பிக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். இப்படிக் கண்டிப்பு காட்டியும் கூட்டம் குறையவில்லை. 2002 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கச்சேரிகள் நடந்தன.

இதில் எனக்குக் குறையும் தெரிகிறது. மேடையிலிருந்து வரும் அறிவுரை சில சமயம் பாட்டைவிட நீண்டுவிடும். பெரிய குறை வேறு. அன்றைய வாஷிங்டன் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம். அதன் சொந்த இசை கோ-கோ. நகரத்தின் பங்க் கூட்டமோ பெரும்பாலும் வெள்ளையினப் பிள்ளைகள். அவர்களுக்கெல்லாம் முன்னோடியான பேட் பிரெயின்ஸ் கறுப்பினக் குழு என்பதும் உண்மை. ஃபுகாசிக்கு முன் மெக்கே பாடிய மைனர் த்ரெட் குழு தன் கடைசிக் கச்சேரியை 1983 செப்டம்பரில் கோ-கோ குழுவான டிரபிள் ஃபங்கோடு சேர்ந்து நடத்தியதும் உண்மை. ஆனாலும் அப்படிப்பட்ட மாலைகள் அரிது. எல்லாருக்கும் திறந்த கதவு என்று சொல்லப்பட்டதன் எல்லை அங்கே தெரிந்தது.

சியாட்டிலுக்கு வருவோம். அந்த மாநிலத்தில் மதுக்கூடத்துக்குள் நுழைய 21 வயது ஆக வேண்டும். போதாததற்கு 1985இல் நகரமன்றம் பதின்வயதினர் நடன நிகழ்ச்சிகளுக்கு ஒரு சட்டம் போட்டது. நடத்துபவர் பத்து லட்சம் டாலருக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். பணியில் இல்லாத போலீஸாரைக் கூலி கொடுத்துக் காவல் வைக்க வேண்டும். சின்ன அரங்கு நடத்துகிறவரால் ஆகிற காரியமா இது? எது கச்சேரி, எது நடனம் என்ற குழப்பத்தில் பலர் சிறுவர்களுக்கான நிகழ்ச்சிகளையே கைவிட்டார்கள். உலகம் முழுவதும் இளைஞர் இசைக்குப் பேர்போகப் போகிற ஊர், தன் இளைஞர்களை வாசலில் நிறுத்தி வைத்தது.

உள்ளே போக முடிந்தவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இன்று கூட்டத்தில் நிற்பவர் நாளை மேடையில் நிற்பார். பல்கலைக்கழக வானொலியான கே.சி.எம்.யூ.வில் இசைத்தட்டு போட்டவர்களே குழுக்களிலும் வாசித்தார்கள். சவுண்ட்கார்டன் குழுவின் கிட்டார் கலைஞர் கிம் தையில் அப்படிப்பட்டவர். பெற்றோரின் பூர்விகம் கேரளம். அவரும் சப் பாப் இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கிய புரூஸ் பாவிட்டும் சிகாகோவுக்கு அருகே பார்க் ஃபாரஸ்ட் என்ற ஒரே ஊரில் வளர்ந்தவர்கள். பாவிட்டின் கூட்டாளி ஜானதன் போன்மன் கே.சி.எம்.யூ.வில் நிகழ்ச்சி நடத்தியவர். ஆக, நிறுவனத்தை நடத்தியவர்களும் ரசிகர்களே.

ஆனால் சப் பாப் ரசிகரை வேறு விதமாகப் புரிந்துகொண்டது. 1988 நவம்பரில் மாதம் ஒரு சிங்கிள் என்று சந்தாத் திட்டம் தொடங்கினார்கள். முதல் தட்டு நிர்வாணா குழுவுடையது: ஆயிரம் பிரதிகள், ஒவ்வொன்றிலும் கையால் எழுதிய எண். டிஸ்கார்ட் தன் உறைகளில் விலையை அச்சிட்டது. கடைக்காரர் கூடுதலாகக் கேட்டால் வாங்குபவர் சண்டை போடலாம். சப் பாப் எண்ணைப் போட்டது. கிடைக்காமல் போய்விடுமோ என்ற பதற்றத்தில் வாங்குபவர் ஓடி வருவார். இரண்டு ஊர்களின் வேறுபாடு முழுவதும் இந்த இரண்டு உறைகளில் இருக்கிறது.

சியாட்டில் புகைப்படக்காரர் சார்ல்ஸ் பீட்டர்சனின் படங்களையும் சொல்லாமல் விடக்கூடாது. கறுப்பு வெள்ளையில் பறக்கும் தலைமுடி, மேடையில் விழும் உடல்கள், வியர்வை. பாடுகிறவர் யார், பார்க்க வந்தவர் யார் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ராக் ரசிகருக்கு இதைவிடப் பெரிய மரியாதையை எந்தப் புகைப்படக்காரரும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்தப் படங்களும், 1989இல் சப் பாப் வரவழைத்த பிரிட்டிஷ் பத்திரிகையாளர் எவரெட் ட்ரூ எழுதியவையும் ஊரின் பெயரைக் கடல்கடந்து கொண்டுபோயின. பிறகு 1991 செப்டம்பரில் நிர்வாணாவின் நெவர்மைண்ட் வந்தது. 1992 ஜனவரியில் மைக்கேல் ஜாக்சனின் இசைத்தொகுப்பைப் பின்தள்ளி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது.

உள்ளூர் ரசிகருக்கு அது வெற்றியும் இழப்பும். நேற்று சின்ன கிளப்பில் கேட்ட குழுவை இனி விளையாட்டரங்கின் கடைசி வரிசையிலிருந்து பார்க்க வேண்டும். வெளியூர்ப் பத்திரிகைகள் சியாட்டில் பாஷைக்கு அகராதி கேட்டன. சப் பாப்பில் வேலை பார்த்திருந்த மேகன் ஜாஸ்பர் வாய்க்கு வந்த சொற்களைப் புனைந்து சொல்ல, 1992 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் அவற்றை அப்படியே அச்சிட்டது. ஊரார் சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்றும் மகிழ்ச்சி. அதே ஜாஸ்பர் பின்னாளில் சப் பாப்பின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

இரண்டு ஊர்களையும் தன் வாழ்க்கையில் சேர்த்து வைத்தவர் டேவ் குரோல். வாஷிங்டனின் புறநகரில் வளர்ந்தவர். தான் கொண்டாடிய ஸ்க்ரீம் குழுவில் டிரம்ஸ் வாசிக்க ஆள் தேவை என்றதும், 17 வயதில் வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்தார். அந்தக் குழு உடைந்ததும் சியாட்டில் போனார். 1990 செப்டம்பரில் நிர்வாணா அங்கே வாசித்தபோது கூட்டத்தில் நின்று பார்த்தவர், அடுத்த மாதமே அவர்களோடு மேடையில் இருந்தார்.

டிக்கெட் விலையில் ஒப்பீடு இன்னும் கூர்மையாகிறது. 1994இல் சியாட்டிலின் பேர்ல் ஜாம் குழு, டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின் கட்டணங்களை எதிர்த்து நீதித்துறையில் புகார் கொடுத்தது. குழுவினர் இருவர் வாஷிங்டனுக்கே போய் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார்கள். அடுத்த ஆண்டு நீதித்துறை விசாரணையைக் கைவிட்டது. அவர்கள் சாட்சி சொன்ன நகரத்தில்தான் ஃபுகாசி எந்தச் சட்டத்தையும் கேட்காமல், டிக்கெட்மாஸ்டர் வழியாக டிக்கெட் விற்கும் அரங்குகளைத் தவிர்த்து, மலிவு விலையில் வாசித்துக்கொண்டிருந்தது. பேர்ல் ஜாமின் நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு பெரிய கூட்டம் சேர்ந்தபின் தேவாலயத்தின் அடித்தள அறை போன்ற சின்ன இடங்களுக்குத் திரும்ப முடியாது.

சியாட்டிலுக்கு நான் தரும் பெரிய மதிப்பெண் வேறு காரியத்துக்கு. பூட்டிய கதவை அந்த ஊர் ரசிகர்களும் கலைஞர்களும் ஆண்டுக்கணக்கில் தட்டினார்கள். நிர்வாணாவின் கிறிஸ்ட் நோவோசெலிச் இசைக்காரர்களுக்கென அரசியல் அமைப்பே தொடங்கினார். 2001இல் எல்லா வயதினருக்குமான வேரா ப்ராஜெக்ட் உருவானது. இளைஞர்களே தொண்டர்களாக நின்று ஒலி அமைத்து, வாசல் பார்த்து நடத்தும் இடம் அது. 2002இல் பழைய சட்டம் நீங்கியது. வாஷிங்டன் பையன்களுக்குச் சட்டத்தின் ஒரு சந்து இருந்தது, அதில் நுழைந்தார்கள். சியாட்டில்காரர்கள் சட்டத்தையே மாற்ற வேண்டியிருந்தது, மாற்றினார்கள்.

பாட்டை மட்டும் வைத்துக் கேட்டால் என் ஓட்டு சியாட்டிலுக்கு. அந்த இரைச்சலும் இழுவையும் வாஷிங்டனிடம் இல்லை. ரசிகராக வாழ ஓர் ஊரைத் தேர்ந்தெடு என்றால் யோசிக்காமல் வாஷிங்டன் என்பேன். கேட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் சியாட்டிலுக்கு மட்ஹனி குழுவின் 1988ஆம் ஆண்டு முதல் சிங்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். வாஷிங்டனுக்கு ஸ்டூடியோ இசைத்தட்டு வேண்டாம். ஃபுகாசி தன் மேடைப் பதிவுகளை, எண்ணூறுக்கும் மேற்பட்ட கச்சேரிகளை, 2011 முதல் இணையத்தில் விற்பனைக்கு வைத்திருக்கிறது. ஏதாவது ஒரு மாலையைத் தேர்ந்தெடுங்கள். விலை அப்போதும் ஐந்து டாலர் என்றே வைத்தார்கள்.