இலக்குக் கைத்துப்பாக்கி

இலக்குக் கைத்துப்பாக்கி என்பது சுடுதளத்தில் தாள் இலக்கையோ மின்னணு இலக்கையோ நோக்கிச் சுடுவதற்குப் பயன்படுத்தப்படும் கைத்துப்பாக்கி ஆகும். காவல், படை, தற்காப்பு ஆகியவற்றுக்கான கைத்துப்பாக்கிகளில் எளிதாக எடுத்துச் செல்வதும் எந்நிலையிலும் தவறாது இயங்குவதும் முதன்மையாகக் கருதப்படுகின்றன. இலக்குக் கைத்துப்பாக்கியில் துல்லியம், கைக்குப் பொருந்தும் பிடி, மென்மையான விசை, திருத்தக்கூடிய குறிகள் ஆகியவை முதன்மை பெறுகின்றன. ஒருவர் தமது முதல் கைத்துப்பாக்கியாக எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது அவர் பழகும் சுடும் முறையையும், செலவையும், பாதுகாப்பையும் பெரிதும் தீர்மானிக்கிறது.

வகைகள்

இன்று தொடக்கநிலையாளர்கள் பயன்படுத்தும் இலக்குக் கைத்துப்பாக்கிகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

* காற்றுக் கைத்துப்பாக்கி: அழுத்தப்பட்ட காற்றினால் 4.5 மிமீ விட்டமுடைய ஈயக் குண்டைச் செலுத்துவது. வெடிமருந்து இல்லை. 10 மீட்டர் தொலைவில் சுடப்படுகிறது.
* .22 அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி: .22 லாங் ரைபிள் எனப்படும் 5.6 மிமீ தோட்டாவைப் பயன்படுத்துவது. ஒவ்வொரு முறை சுட்டபின்னும் வெற்றுக்கூட்டை வெளியேற்றி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு மட்டுமே வெளியேறும்.
* .22 ரிவால்வர்: சுழலும் உருளையில் தோட்டாக்களைக் கொண்டது. அமைப்பு எளிது, உருளையைத் திறந்தால் தோட்டா உள்ளதா என்பது கண்ணுக்குத் தெரியும்.
* நடுவடித் தோட்டாக் கைத்துப்பாக்கி: 9 மிமீ, .38, .45 முதலிய பெரிய தோட்டாக்களைப் பயன்படுத்துவது. பின்னுதைப்பும் ஒலியும் செலவும் மிகுதி.

வரலாறு

.22 லாங் ரைபிள் தோட்டா 1887 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜே. ஸ்டீவன்ஸ் நிறுவனத்தால் அறிமுகப்படுத்தப்பட்டது. ஜான் பிரௌனிங்கின் வடிவமைப்பில் உருவான கோல்ட் வுட்ஸ்மன் 1915 முதல் 1977 வரை தயாரிக்கப்பட்டு, இவ்வகை அரைத் தானியங்கிகளுக்கு முன்மாதிரியாக விளங்கியது. 1949 இல் வில்லியம் ரூகர், அலெக்சாண்டர் ஸ்டர்ம் ஆகியோர் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம் ரூகர் ஸ்டாண்டர்ட் என்னும் .22 கைத்துப்பாக்கியை 37.50 டாலர் விலையில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அக்காலத்து இலக்குக் கைத்துப்பாக்கிகளைவிட விலை குறைவாக இருந்ததால் இது பரவலாக வாங்கப்பட்டது. இதன் வழிவந்த மார்க் 4 வரிசை 2016 இல் வெளியானது. போட்டியாளருக்கென உருவாக்கப்பட்ட ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 41, 1957 இல் அறிமுகமானது.

சோவியத் ஒன்றியத்தில் மிகாயில் மார்கோலின் என்னும் பார்வையிழந்த வடிவமைப்பாளர் உருவாக்கிய .22 கைத்துப்பாக்கி, போருக்குப் பிந்தைய காலத்தில் பல நாடுகளின் பயிற்சிக் கழகங்களில் இடம்பெற்றது.

ஒலிம்பிக் போட்டியில் கைத்துப்பாக்கி சுடுதல் 1896 ஏதென்சு விளையாட்டுகளிலேயே இடம்பெற்றது. 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டி 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஆடவர், மகளிர் இரு பிரிவினருக்கும் சேர்க்கப்பட்டது. 50 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டி 2016 ரியோ ஒலிம்பிக்குடன் ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டது.

போட்டி விதிகள்

பன்னாட்டு துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் விதிகளின்படி 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியின் எடை 1,500 கிராமைத் தாண்டக்கூடாது. விசையை இழுக்கக் குறைந்தது 500 கிராம் எடைக்கு ஈடான அழுத்தம் தேவைப்பட வேண்டும். 25 மீட்டர் .22 கைத்துப்பாக்கிக்கு இவ்வளவுகள் முறையே 1,400 கிராமும் 1,000 கிராமும் ஆகும். இரண்டிலும் திறந்த குறிகளே அனுமதிக்கப்படுகின்றன, தொலைநோக்கிக்கு இடமில்லை. சுடுபவர் ஒரே கையால் பிடித்துச் சுட வேண்டும். மணிக்கட்டுக்கு எந்தத் தாங்கலும் இருக்கக்கூடாது.

அமெரிக்காவில் வழங்கும் புல்சை போட்டியில் .22, நடுவடித் தோட்டா, .45 ஆகிய மூன்று வகைத் துப்பாக்கிகளிலும் 90 குண்டுகள் வீதம் மொத்தம் 270 குண்டுகள் சுடப்படுகின்றன. உயர்ந்த அளவு மதிப்பெண் 2,700 ஆகும். .22 பிரிவில் மட்டும் பங்கேற்கத் தொடங்கிப் பின்னர் மற்றவற்றுக்குச் செல்வது வழக்கமான பாதையாகும்.

துல்லியத்தின் அடிப்படை

இலக்குக் கைத்துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்போர் முதலில் அறிய வேண்டியது பிழை எங்கே பிறக்கிறது என்பதாகும். 25 மீட்டர் துல்லியப் போட்டியில் பத்து மதிப்பெண் வளையத்தின் விட்டம் 50 மிமீ. துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 220 மிமீ இடைவெளி உள்ளதாகக் கொள்வோம். குறிகள் ஒன்றுக்கொன்று 1 மிமீ விலகினால் குண்டு இலக்கில் ஏறத்தாழ 114 மிமீ விலகிப் படும். வளையத்தின் நடுவிலிருந்து 25 மிமீக்குள் குண்டு விழ வேண்டுமெனில் குறிகளின் விலகல் 0.22 மிமீக்குள் இருத்தல் வேண்டும்.

மாறாக, குறிகள் நேராக அமைந்த நிலையில் கை முழுவதும் 5 மிமீ பக்கவாட்டில் நகர்ந்தால் குண்டும் 5 மிமீ மட்டுமே நகரும். ஆகவே கை நடுக்கத்தைவிடக் குறிகளின் விலகலே பெருந்தீங்கு விளைவிக்கிறது. இவ்விலகல் பெரும்பாலும் விசையை இழுக்கும் கணத்தில் ஏற்படுகிறது. நல்ல விசையும் கைக்குப் பொருந்திய பிடியும் விலையுயர்ந்த குழலைவிட முக்கியமாகக் கருதப்படுவதன் காரணம் இதுவே.

முதல் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தல்

தோட்டாவின் அளவு

பெரிய தோட்டாவுடன் தொடங்குவோரிடம் வெடியோசையையும் பின்னுதைப்பையும் எதிர்பார்த்து முன்கூட்டியே கையைச் சுருக்கும் பழக்கம் உருவாகிறது. சுடும் கணத்தில் கண் மூடுவதும், குழல்வாய் கீழ்நோக்கித் தாழ்வதும் இதன் அறிகுறிகளாகும். இது ஒருமுறை ஊன்றிவிட்டால் நீக்குவது கடினம். .22 தோட்டாவின் குண்டு வழக்கமாக ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ளது. 9 மிமீ தோட்டாவின் குண்டு 7.5 முதல் 8 கிராம் வரை உள்ளது. பின்னுதைப்பு குறைவாக இருப்பதால் .22 இல் தொடங்குபவர் தமது பிழையைத் தாமே காண இயலும். காற்றுக் கைத்துப்பாக்கியில் பின்னுதைப்பு ஏறத்தாழ இல்லை எனலாம்.

இப்பழக்கத்தைக் கண்டறியப் பயிற்சியாளர்கள் எளிய முறையொன்றைப் பின்பற்றுகின்றனர். சுடுபவர் அறியாதவாறு உண்மைத் தோட்டாக்களுக்கிடையே போலித் தோட்டா ஒன்றைச் சேர்த்து ஏற்றித் தருவர். போலித் தோட்டாவின் முறை வரும்போது வெடிப்பு நிகழாமலேயே துப்பாக்கி துள்ளினால் பிழை சுடுபவரிடம் உள்ளது என்பது தெளிவாகும்.

பிடி

துப்பாக்கியைச் சரியாகப் பிடித்த நிலையில் குழல் முன்கையின் நேர்கோட்டில் அமைய வேண்டும். சுட்டுவிரலின் முதற் கணுவின் சதைப்பகுதி விசையின் மீது படிந்து, அதனை நேர் பின்னோக்கி இழுக்க வேண்டும். விரல் எட்டாவிட்டாலும் அளவுக்கு மீறி உள்ளே சென்றாலும் குறிகள் பக்கவாட்டில் விலகும். இடக்கையாளருக்கு உரிய பிடி கிடைக்கிறதா என்பதை வாங்குமுன் அறிதல் வேண்டும். உள்ளங்கையைச் சூழும் மரப்பிடிகள் போட்டித் துப்பாக்கிகளில் பல அளவுகளில் கிடைக்கின்றன. அவற்றைத் தேய்த்தும் நிரப்பியும் கைக்கேற்பத் திருத்திக்கொள்வதுண்டு.

விசை

விசை இழுக்க இலகுவாக இருப்பதைவிட ஒரே சீராக இருப்பது முக்கியம். இழுக்கும் வழியில் கரடுமுரடோ, திடீர்த் தடையோ இருக்கக்கூடாது. மிகவும் இலகுவான விசை தொடக்கநிலையாளருக்கு ஏற்றதன்று. அவர் எண்ணுமுன்னரே துப்பாக்கி வெடித்துவிடக்கூடும்.

எடையும் நீளமும்

சட்டைப்பையில் அடங்கும் சிறிய கைத்துப்பாக்கிகள் இலக்குச் சுடுதலுக்கு ஏற்றவையல்ல. குறிகளுக்கிடையே இடைவெளி குறைந்தால் அதே அளவு விலகல் இலக்கில் பெரும் பிழையாகிறது; எடை குறைந்தால் பின்னுதைப்பு மிகுதியாக உணரப்படும். எனினும் ஒரு கையால் நீட்டிப் பிடிக்க இயலாத எடையும் பயன் தராது. கை தளர்ந்த பின்னும் தொடர்ந்து சுடுவதனால் தவறான பழக்கங்களே படியும்.

காற்றுக் கைத்துப்பாக்கியின் இயக்க முறை

இன்றைய போட்டிக் காற்றுக் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் 200 பார் அழுத்தக் காற்று நிரப்பிய சிறு உருளையால் இயங்குகின்றன. ஆஸ்திரியாவின் ஸ்டையர், சுவிட்சர்லாந்தின் மொரினி, ஜெர்மனியின் வால்தர், ஃபைன்வெர்க்பாவ், இத்தாலியின் பார்தீனி ஆகியவை இத்துறையில் பெயர்பெற்ற நிறுவனங்களாகும். நெம்புகோலை ஒருமுறை இயக்கிக் காற்றை அழுத்தும் பழைய வகையில் தனி உருளையோ நிரப்பும் கருவியோ தேவையில்லை. பயன்படுத்திய துப்பாக்கியை வாங்குவோர் அழுத்த உருளையில் பொறிக்கப்பட்டுள்ள காலாவதி நாளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். காலம் கடந்த உருளை ஆபத்தானது, போட்டியிலும் ஏற்கப்படாது.

செலவு

துப்பாக்கியின் விலை செலவின் ஒரு பகுதியே. தோட்டா, சுடுதளக் கட்டணம், காதுக்காப்பு, கண்காப்பு, பூட்டிய பெட்டி, துப்புரவுக் கருவிகள், பழுதுபார்ப்பு ஆகியன தொடர் செலவுகளாகும். ஒரே தொகைக்கு .22 தோட்டாக்களை நடுவடித் தோட்டாக்களைவிட மிகுதியாக வாங்கலாம். காற்றுத் துப்பாக்கிக்கான ஈயக் குண்டு அதனினும் மலிவு. உதிரி உறுப்புகளும் பழுதுபார்ப்போரும் அருகில் இல்லாத துப்பாக்கி, எவ்வளவு சிறந்ததாயினும், தொடக்கநிலையாளருக்கு ஏற்றதன்று.

வாங்குமுன் கழகத்திலோ சுடுதளத்திலோ உள்ள துப்பாக்கிகளில் பலவற்றைச் சுட்டுப் பார்த்தல் பரிந்துரைக்கப்படுகிறது. பல கழகங்களில் தொடக்கநிலையாளர் சில மாதங்கள் கழகத் துப்பாக்கியிலேயே பயில்கின்றனர்.

கருவியும் சுடுபவரும்

கருவியின் பங்கு எவ்வளவு என்பதற்கு அண்மைக்கால ஒலிம்பிக் நிகழ்வுகள் இருவகையிலும் சான்றாகின்றன. 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் துப்பாக்கி 10 மீட்டர் தகுதிச் சுற்றின் நடுவே பழுதடைந்தது. அதைச் சரிசெய்வதில் பல நிமிடங்களை இழந்த அவர் 575 புள்ளிகளுடன் 12 ஆம் இடம் பெற்று இறுதிச் சுற்று வாய்ப்பை இழந்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே போட்டியில் வெண்கலம் வென்று, துப்பாக்கி சுடுதலில் ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணானார். கலப்பு அணிப் போட்டியில் சரப்ஜோத் சிங்குடன் இணைந்து மேலும் ஒரு வெண்கலம் வென்றார்.

அதே பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுப் டிகெச், சுடுநர் அணியும் சிறப்பு வில்லைகள் ஏதுமின்றி வழக்கமான மூக்குக்கண்ணாடியுடன் சுட்டுக் கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வென்றார். அங்கேரியின் கரோலி தக்காச்சு 1938 இல் கையெறிகுண்டு வெடித்ததில் வலக்கை சிதைந்தபின், இடக்கையால் சுடப் பயின்று 1948, 1952 ஒலிம்பிக்குகளில் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார்.

பாதுகாப்பு

* எந்தத் துப்பாக்கியையும் தோட்டா ஏற்றப்பட்டதாகவே கருத வேண்டும்.
* குழல்வாய் எப்போதும் இலக்கின் திசையிலேயே இருத்தல் வேண்டும்.
* குறிகள் இலக்கில் பொருந்தும்வரை விரல் விசையைத் தொடக்கூடாது.
* இலக்கையும் அதற்கு அப்பால் உள்ளதையும் அறிந்த பின்னரே சுட வேண்டும்.

அரைத் தானியங்கியில் மேகசினை நீக்கிய பின்னும் குழலின் அறையில் ஒரு தோட்டா எஞ்சியிருக்கலாம். இதனை மறப்பது விபத்துகளுக்குக் காரணமாகிறது. போட்டிகளில் அறை காலியாக உள்ளதைக் காட்டும் வண்ணக் கொடி செருகப்படுகிறது. வெடிமருந்துக் கைத்துப்பாக்கியின் ஒலி உச்சம் 140 டெசிபலைக் கடக்கக்கூடியது. காதுக்காப்பின்றிச் சுட்டால் நிலையான செவிக்குறைபாடு ஏற்படலாம். ஈயத்துகள் உடலில் சேராதிருக்கச் சுட்டபின் கை கழுவுவதும், சுடுதளத்தில் உண்ணாதிருப்பதும் தேவை. வீட்டில் துப்பாக்கியைப் பூட்டியும், தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டியும் வைத்தல் வேண்டும். இவ்வசதி இல்லாதோர் கழகத்தின் பாதுகாப்பறையில் வைக்க இயலுமா என அறிந்த பின்னரே வாங்குவது முறையாகும்.

சட்ட நிலை

எந்தத் துப்பாக்கியை வாங்கலாம் என்பதை நாட்டின் சட்டமே முதலில் வரையறுக்கிறது. பெரிய பிரித்தானியாவில் 1996 டன்பிளேன் பள்ளிப் படுகொலைக்குப் பின் 1997 இல் இயற்றப்பட்ட சட்டங்கள் .22 உட்படப் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தன. 2002 மான்செஸ்டர் பொதுநலவாய விளையாட்டுகளையும் 2012 இலண்டன் ஒலிம்பிக்கையும் நடத்தச் சிறப்பு அனுமதி வழங்க வேண்டியிருந்தது. கனடா 2022 அக்டோபரில் தனிநபரிடையே கைத்துப்பாக்கி விற்பனையை முடக்கியது. ஒலிம்பிக் பிரிவுகளில் பயில்வோருக்கு வரையறுக்கப்பட்ட விலக்கு உண்டு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடுகின்றன.

இந்தியாவில் .22 உட்பட வெடிமருந்துக் கைத்துப்பாக்கி அனைத்துக்கும் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மிமீ துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட காற்றுத் துப்பாக்கிகளுக்கு உரிமம் தேவையில்லை. இதனால் இந்தியாவில் கைத்துப்பாக்கி சுடுதலைத் தொடங்குவோர் பெரும்பாலும் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கியிலேயே தொடங்குகின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

* துப்பாக்கி சுடுதல்
* காற்றுத் துப்பாக்கி
* ரிவால்வர்
* ஒலிம்பிக் விளையாட்டுகள்