குடல் அழற்சி நோய்க்கு நரம்புத் தூண்டல் சிகிச்சை

மூளையிலிருந்து கழுத்து வழியாக வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பில் மெல்லிய மின்துடிப்புகளைச் செலுத்தி, குடலின் அழற்சியைத் தணிக்க முயலும் மருத்துவ முறை. கிரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி ஆகிய இரண்டிலும் இது சோதிக்கப்படுகிறது. ஆய்வு நிலையை இன்னும் கடக்கவில்லை.

நோயின் தன்மை

குடல் அழற்சி நோய் எனப்படும் இவ்விரண்டும், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றல் தன் குடலையே தாக்குவதால் வரும் நாட்பட்ட நோய்கள். பெருங்குடல் புண் அழற்சி மலக்குடலில் தொடங்கிப் பெருங்குடலின் உட்சவ்வில் பரவும். கிரோன் நோய் வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம். குடற்சுவரின் முழுத் தடிமனையும் துளைக்கலாம். ரத்தமும் சளியும் கலந்த பேதி, வயிற்றுவலி, காய்ச்சல், எடை குறைதல், ரத்தசோகை ஆகியவை அறிகுறிகள். நோய் சில காலம் அடங்கியிருந்து மீண்டும் கிளம்பும். மெசலமின், ஸ்டீராய்டு, அசதயோப்ரின் ஆகியவற்றுடன், டி.என்.எஃப். என்னும் அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் ஊசிமருந்துகளும் தரப்படுகின்றன. இவ்வகையில் முதலாவதான இன்ஃப்ளிக்சிமாப், கிரோன் நோய்க்கு 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நரம்பு அழற்சியை அடக்கும் விதம்

வேகஸ், பத்தாம் மூளை நரம்பு. அதன் இழைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு உள்ளுறுப்புகளின் நிலையை மூளைக்குத் தெரிவிப்பவை. எஞ்சியவை மூளையின் கட்டளையைக் கீழே கொண்டுசெல்பவை. இந்த நரம்பைத் தூண்டினால் டி.என்.எஃப். சுரப்பு குறைகிறது என்பதை அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் கெவின் டிரேசியின் குழு 2000இல் எலிகளில் காட்டியது. மண்ணீரலுக்குச் செல்லும் நரம்பின் வழியே செய்தி போய், அங்குள்ள டி செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அது மேக்ரோஃபேஜ் என்னும் நோயெதிர்ப்புச் செல்களின் ஏற்பியில் படிந்து டி.என்.எஃப். உற்பத்தியைத் தாழ்த்துகிறது. மேல்நோக்கிச் செல்லும் இழைகள் மூளையைத் தூண்டி, அட்ரினல் சுரப்பியிலிருந்து அழற்சியைத் தணிக்கும் கார்ட்டிசால் சுரக்கவும் வழிசெய்கின்றன.

முறைகள்

இடது காறை எலும்பின் கீழ், தோலுக்கடியில் ஒரு மின்துடிப்புக் கருவியைப் பதித்து, அதன் கம்பியைக் கழுத்தின் இடப்பக்க வேகஸ் நரம்பில் சுற்றுவது ஒரு முறை. வலிப்பு நோய்க்கு இக்கருவி 1997 முதல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டுள்ளது. குரல் கரகரத்தல், இருமல், தொண்டை உறுத்தல் ஆகியவை பக்கவிளைவுகள். மின்கலம் தீர்ந்தால் கருவியை மாற்ற மீண்டும் அறுவை சிகிச்சை வேண்டும். காதுமடலில் வேகஸின் கிளை ஓடும் இடத்தில் மின்முனையை வைத்துத் தூண்டுவது இன்னொரு முறை. இதற்கு அறுவை தேவையில்லை.

ஆய்வுகள்

பிரான்சின் கிரெனோபிள் நகரில் புருனோ போனாஸ் குழு, கிரோன் நோயாளிகள் 7 பேருக்குக் கருவி பொருத்தி, ஆறு மாத முடிவுகளை 2016இல் வெளியிட்டது. ஐவர் தேறினர், நோய் முற்றியதால் இருவர் விலகினர். பின்னர் நோயாளிகளின் எண்ணிக்கை 9 ஆனது. ஓராண்டு முடிவில் ஐவரிடம் அறிகுறிகள் அடங்கியிருந்தன. நியூயார்க்கில் சிறுவர், இளையோர் 22 பேரிடம் நடந்த காதுவழித் தூண்டல் ஆய்வு 2023இல் வெளிவந்தது. அதிலும் பலரிடம் முன்னேற்றம் தெரிந்தது. இவை நம்பிக்கை தரும் முடிவுகளே. ஆனால் இவ்வளவு சிறிய குழுக்களைக் கொண்டு ஒரு சிகிச்சையை நிலைநாட்ட முடியாது. முடக்குவாதத்துக்கான வேகஸ் தூண்டல் கருவிக்கு 2025 ஜூலையில் அமெரிக்கா அனுமதி அளித்தது. அந்த அனுமதி குடல் நோய்க்குப் பொருந்தாது.

இந்தியாவில் இதன் முக்கியத்துவம்

குடல் அழற்சி நோய் மேலைநாட்டு நோய் என்ற எண்ணம் இந்தியாவில் நீண்டகாலம் இருந்தது. பஞ்சாபில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான கணக்கெடுப்பு, லட்சம் பேரில் 44.3 பேருக்குப் பெருங்குடல் புண் அழற்சி இருப்பதைக் காட்டியது. இங்கே நோயை அறிவதில் பெரிய இடர், குடல் காசநோய். சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தையே அதுவும் கிரோன் நோயும் பெரும்பாலும் தாக்குகின்றன. குடல் உள்நோக்கிச் சோதனையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். காசநோயைக் கிரோன் என்று கருதி ஸ்டீராய்டு கொடுத்தால் காசநோய் பரவக்கூடும். டி.என்.எஃப். தடுப்பு ஊசிகளோ உடலில் அடங்கிக் கிடக்கும் காசநோயைக் கிளப்பிவிடலாம். எனவே நோயெதிர்ப்பு ஆற்றலை முற்றாக முடக்காமல் அழற்சியை மட்டும் தாழ்த்தும் சிகிச்சை, இந்தியாவுக்கு மிகவும் தேவை. நரம்புத் தூண்டலைக் கவனிக்க வேண்டிய காரணம் இதுவே.

கரிசல் வட்டாரத்தில்

தென் தமிழகத்தின் கரிசல் மண் வட்டாரமான கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் பகுதிகளில் மானாவாரி வேளாண்மையும் தீப்பெட்டித் தொழிலும் முக்கியப் பிழைப்பு. செய்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர் அடிக்கடி எழுந்து கழிப்பறைக்குப் போனால் கூலி குறையும். காட்டுவேலையில் கழிப்பறையே இராது. அதனால் இந்த நோயை, குறிப்பாகப் பெண்கள், வெளியே சொல்வதில்லை. ரத்தப்போக்கை மூலம் என்றும், வயிற்றுக்கடுப்பைச் சூடு என்றும் எண்ணிக் கைமருந்தில் மாதங்கள் கழிகின்றன. கோடை வெயிலில் பேதி தொடர்ந்தால் நீரிழப்பு விரைவில் மோசமாகும். கம்பும் சோளமும் நல்ல உணவுகளே; குடல் சுருங்கிய கிரோன் நோயாளிக்கோ உமி நீங்காத தானியம் அடைப்பை உண்டாக்கலாம். இதில் மருத்துவரின் சொல்லே வழி.

இன்றைய நிலை

எடுத்துவரும் மருந்தை நிறுத்திவிட்டு நரம்புத் தூண்டலுக்காகக் காத்திருக்கக் கூடாது. விளம்பரம் பார்த்துக் காதுக் கருவி வாங்குவதும் சிகிச்சையாகாது. மலத்தில் ரத்தம் கண்டாலோ, பேதி நான்கு வாரத்துக்கு மேல் நீடித்து எடை குறைந்தாலோ, திருநெல்வேலி அல்லது மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குடல் நோய் மருத்துவரைப் பார்ப்பதே முதல் வேலை. நோய் இன்னதென்று உறுதியான பின்பே எந்தச் சிகிச்சையும் பலன் தரும்.