தகர டின் முதல் பனியன் துண்டு வரை

வேஸ்ட்டிலிருந்து பொருள் செய்ய இப்போது பயிற்சி கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இது நம்ம வீடுகளுக்குப் புதுசு இல்லை.

வெள்ளைக்காரர் காலத்தில் மண்ணெண்ணெய் தகர டின்னில் வந்தது. ஒரு டின் 4 காலன், சுமார் 18 லிட்டர். ஆரம்பத்தில் தகரத் தகடு வெளிநாட்டிலிருந்து வந்தது. 1920-இல் ஜாம்ஷெட்பூர் பக்கத்தில் கோல்முரியில் தகரத் தகடு செய்யும் கம்பெனி தொடங்கப்பட்டது. பர்மா எண்ணெய்க் கம்பெனிக்கு டின் தேவைப்பட்டதே அதற்கு முக்கியக் காரணம்.

எண்ணெய் தீர்ந்த டின்னை யாரும் எறியவில்லை. வாயில் குறுக்குக் கட்டை அடித்தால் தண்ணீர் தூக்கும் டின். வெட்டித் தட்டினால் முறம், புனல், சிம்னி விளக்கு. விரித்து அடித்தால் கதவு, கூரை.

அதே டின்தான் மரத்தூள் அடுப்பும் ஆனது. மரம் அறுக்கும் மில்லில் மிஞ்சும் தூள்தான் விறகு. டின்னின் அடியில், பக்கவாட்டில் ஒரு ஓட்டை. நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, ஓட்டை வழியாக ஒரு கட்டையைச் செருகி, சுற்றிலும் தூளை இறுக்கி அடைப்பார்கள். இரண்டையும் மெதுவாக உருவினால் காற்றுப் போக வழி கிடைக்கும். கீழே பற்றவைத்தால் மணிக்கணக்கில் நின்று எரியும். தூளை அடைக்கிற பக்குவம் வீட்டுப் பெண்களின் கையில் இருந்தது. அதற்கு யாரும் கூலி கொடுத்ததில்லை.

பிறகு திருப்பூர் பனியன் கம்பெனிகள் பெருகின. கட்டிங் மேசையில் விழும் துண்டுகள் மிதியடியாகவும் தலையணைக்குள் அடைக்கும் பஞ்சுக்குப் பதிலாகவும் ஆயின. ஆனால் இந்தத் துண்டு சும்மா வருவதில்லை. வியாபாரி கிலோ கணக்கில் எடைபோட்டு விற்கிறார். ஒருத்தி தனியாகப் போய் 10 கிலோ கேட்டால், அவர் சொல்வதுதான் விலை. அவர் கொடுப்பதுதான் சரக்கு. எண்ணெய்க் கறை பட்டதைப் பிரித்துப் போடும் நேரமும் அவள் தலையில்தான்.

தமிழ்நாட்டில் 1989-இல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கின. அன்று சேமிப்புக்காகச் சேர்ந்தோம். சரக்கு வாங்கவும் அப்படியே சேர்ந்து போனால் விலை பேசலாம், தரம் பார்த்து எடுக்கலாம்.

இன்னொன்று. ரசாயனமோ சாயமோ வந்த பேரலை எத்தனை தடவை கழுவினாலும் அதில் குடிதண்ணீரோ அரிசியோ வைக்க வேண்டாம்.

மிதியடிக்கு விலை வைக்கும்போது துணி, நூல், பஸ் செலவோடு நிறுத்தாதீர்கள். உட்கார்ந்து தைத்த நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். நம்ம பாட்டிமார் கணக்கில் வராமல் போனது அதுதான்.